ஒற்றைக் கை இரும்பு

அக்கா வஸ்மீயாவின் புருஷன் மிஸ்ஃபர், எழுபது தாண்டிய வயசில், ரியாத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறேன் என்று போன் பண்ணினார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒட்டகத்தையும் மணலையும் தவிர எதையும் திரும்பிப் பார்க்காத மனுஷன். நான் இங்கே இருபது வருஷமாகச் சுற்றுலாக்காரர்களுக்குக் கார் ஓட்டுகிறேன். அவர் ஒரு தடவைகூட இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. கிழவருக்கு வந்த ஆசையைப் பாரேன் என்று வீட்டில் கிண்டலடித்தேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியவர் ஒரு வாய் காவாக் காப்பிகூட வேண்டாம் என்றுவிட்டார். ஊரிலேயே உயரமான கட்டடத்துக்குக் கூட்டிப்போ, அது போதும் என்றார். உச்சியில், கண்ணாடி ஓரத்தில் எல்லாரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் நெற்றியைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு எதையோ தேடினார். பழைய தண்ணீர்த் தொட்டி எங்கே என்று கேட்டார். காட்டினேன். வலது தோளை அதற்கு நேராகத் திருப்பிக்கொண்டு நின்றார். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார்.

நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அக்காவை வைத்தியத்துக்கு இங்கே கொண்டுவந்தார். எனக்கு ஒன்பது வயசு, ஊரில் இருந்தேன். அவள் பிழைக்கவில்லை, இங்கேயே கபரில் அடக்கிவிட்டார்கள். எங்கள் வழக்கத்தில் கபரில் பேர் எழுதுவது கிடையாது. தலைமாட்டில் ஒரு கல், அவ்வளவுதான். மணலில் வளர்ந்தவனுக்கு அது போதும். கிணறோ கபரோ, தூரத்தில் இருக்கும் இரண்டு அடையாளத்தை மனசில் முடிந்துவைத்துக்கொண்டால் எத்தனை வருஷம் கழித்தும் போய் நிற்பான். இவரும் முடிந்துவைத்திருந்தார். வலது தோளுக்குத் தண்ணீர்த் தொட்டி. முகத்துக்கு நேரே, ஒற்றைக் கையை நீட்டிய உயரமான இரும்புக் கோபுரம். இரண்டும் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் இத்தனை உயரம் ஏறினாராம்.

அது கிரேன். வேலை முடிந்ததும் கழற்றி எடுத்துப் போயிருப்பார்கள். அந்தக் காலத்தில் அதற்கு முன் அவர் எங்கே கிரேனைப் பார்த்தார், பாவம்.

சாகும்போது அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம், இந்த ஊரில் என்னை விட்டுவிட்டுப் போகாதே என்று. இவர் போனார். வேறு கல்யாணம், பிள்ளைகள். திரும்பி வந்து அவள் எதிரே நிற்கத் தைரியம் வரவில்லை. கனவில் மட்டும் அவள் விடாமல் வந்துகொண்டிருந்தாள். கல்லுகளுக்கு நடுவே நின்று, "மிஸ்ஃபர், எந்தப் பக்கம் வரட்டும்?" என்று கேட்பாளாம்.

திடீரென்று அவர் முகம் மலர்ந்தது. "அதோ, இன்னும் நிக்குது பாரு" என்று விரலை நீட்டினார். விரல் கொஞ்சம் நகர்ந்தது. அங்கே ஒன்று. அதற்குப் பக்கத்தில் மூன்று. அடிவானம் முழுக்கக் கிரேன்தான்.

"ஃபைஹான், இதுல எதுடா?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அந்தக் கண்ணைப் பார்த்த பிறகு வரவில்லை. "அந்த மஞ்சள்தான் மச்சான் பழசு. மத்ததெல்லாம் நேத்து முளைச்சது" என்றேன்.

"நிச்சயமாத் தெரியுமா?"

"இந்த ஊர்லயே கிடக்கிறவன், எனக்குத் தெரியாதா?"

அன்று சாயங்காலம் கபரஸ்தானில் தோளைத் திருப்பித் திருப்பி நடந்து, ஒரு கல் முன்னால் நின்றார். சலாம் சொன்னார். மண்ணில் உட்கார்ந்து, வந்துட்டேன் என்றார், குழந்தை மாதிரி அழுதார். யாருடைய கல்லோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். நான் பக்கத்தில் நின்று கை ஏந்தினேன். சுற்றிலும் ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரிக் கல். என் முதுகுப் பக்கம் எங்கோ ஒன்றுதான் என் அக்கா என்ற நினைப்பு வந்ததும் திரும்பிப் பார்க்கப் பயந்தேன்.

ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துப் போன் பண்ணினார். கனவு நின்றுவிட்டதாம், நன்றாகத் தூங்குகிறாராம். நீ நல்லா இருக்கணும் என்று வாழ்த்தினார்.

ஆனால் அவள் வருவது நிற்கவில்லை. இப்போது என்னிடம் வருகிறாள். அதே கல்லுகளுக்கு நடுவே நின்று, ஒன்பது வயசில் என்னைக் கூப்பிட்ட அதே குரலில் கேட்கிறாள்: "ஃபைஹான், அவர்கிட்ட எந்தப் பக்கம்டா காட்டின?"