சார்ஜன்ட் அழைத்து வந்த கணவன்

இடியப்ப உரலில் மாவை அடைத்துக்கொண்டே கொன்ஸ்ரன்ஸ் அக்கா தீர்ப்பும் சொல்லிவிடுவார். "சேர்ச் ஃபாதர் பொறுத்துப் போகச் சொல்லுறார். அவருக்கென்ன, புருசனா பிள்ளையா?" கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கெல்லாம் இரவுச் சாப்பாடு அவருடைய இடியப்பம்தான். சொதியில் உப்புக் குறைவு என்றால், "கொஞ்சம் அழுதுகொண்டு சாப்பிடுங்க" என்பார்.

பிழியும்போது இடது மணிக்கட்டு முழுதாக மடங்காது. முறித்தவர் கணவர் ஒஸ்வால்ட். அதன் பிறகுதான் புதுக்கடைக் கோர்ட்டில் நீதவான் பாதுகாப்புக் கட்டளை போட்டார்: ஒஸ்வால்ட் அந்த வீட்டுப் பக்கமே வரக்கூடாது, வந்தால் சிறை. கை முறிந்தபோது வாய் திறக்காத ஒழுங்கை, அக்கா கோர்ட்டுக்குப் போனதும் குடும்ப மானத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியது. "மானத்துக்கும் பிளாஸ்டர் போட வேணுமோ?" என்று கேட்டார் அக்கா.

போன செவ்வாய் மாலை நான் அக்கா வீட்டு வாசலில் பார்சலுக்குக் காத்து நின்றேன். டை கட்டி, சென்ட் மணக்க ஒஸ்வால்ட் வந்தார்; பக்கத்தில் ஒரு பொலிஸ் சார்ஜன்ட். மனைவி கட்டளையை வாபஸ் வாங்கிவிட்டாள், ஆனாலும் வீட்டுக்குள் விடுகிறாளில்லை என்று பொலிஸில் போய் அழுதிருக்கிறார். டை கட்டிய ஆண் பொய் சொல்வானா? காவல் கிடைத்துவிட்டது, அடித்தவருக்கு!

"மாத்தயா, வாபஸ் வாங்கினது யாரு? உங்கட ஸ்டேஷனிலயே கட்டளைக் கொப்பி இருக்கு. போனில ஒரு கோல் எடுத்துக் கேளுங்க" என்றார் அக்கா சார்ஜன்ட்டிடம்.

சார்ஜன்ட் கேட்டார்; கட்டளை இன்னும் அப்படியே இருந்தது. முகம் சுருங்கியது. கட்டளையை மீறியது ஒரு குற்றம், பொலிஸுக்குப் பொய் சொன்னது இன்னொன்று. இரண்டுக்கும் முதல் சாட்சி சார்ஜன்ட்டேதான்.

ஒஸ்வால்டுக்கு வியர்த்தது. "கொன்ஸி, நீதான் வரச் சொன்னதெண்டு ஒரு சொல் சொல்லு. என்னை உள்ளுக்குப் போட்டுருவாங்க."

"அப்பிடிச் சொன்னா எல்லாருக்கும் லேசு, நோனா" என்றார் சார்ஜன்ட்டும். அந்த ஒரு சொல்லைச் சொன்னால் அன்றிரவே ஒஸ்வால்ட் வீட்டுக்குள் இருப்பார்.

"இவர்ட பொய்க்கு நான் பொய் சொல்லி, ரெண்டு பேரும் ஜோடியா ஜெயிலுக்குப் போறதா? ஜோடியாப் போனது ஒருக்காப் போதும், மாத்தயா."

சார்ஜன்ட் பெருமூச்சோடு பேனாவை எடுத்தார். அக்கா உள்ளே போய் ஒரு ஸ்டூலைத் தூக்கி வந்து அவருக்கு முன்னால் வைத்தார். கவுன் விளிம்பால் அதைத் துடைத்துவிட்டு, எழுத வெளிச்சம் காணாதென்று வாசல் லைட்டையும் போட்டார்.