முதலில் திட்டுகிறவர்

பீளமேட்டு மைதானத்தில் எங்கள் கிரிக்கெட் கிளப் தோற்றுக்கொண்டே இருந்த காலம் அது. யாரை நீக்குவது, யாரைப் பந்துவீச விடுவது என்று ரசிகர்கள் நாங்கள் எல்லைக்கோட்டருகே நின்று ஓயாமல் சண்டை போடுவோம். ஒடிசலான, தடித்த கண்ணாடி போட்ட ஒருவரும் எங்களோடு நிற்பார். எங்கள் வேகப்பந்து வீச்சாளன் ஒரு பவுண்டரி கொடுத்தால் போதும், நாங்கள் வாய் திறக்கும் முன்பே அவர் திட்டிவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை நீக்கிவிட்டுப் புதுப் பையன் ஒருவனை இறக்கினார்கள்.

"நீங்க சொன்னாப்லயே அவனைத் தூக்கிப்போட்டாங்க பாருங்க" என்றேன் சந்தோஷமாக.

"அவன் எம்பையனுங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்புறம் ஏனுங்க அந்தத் திட்டு திட்டுனீங்க?"

"நானே முதல்ல திட்டிப்போட்டா, நீங்கெல்லாம் கொஞ்சம் கம்மியாத் திட்டுவீங்கன்னுதானுங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஊட்டை உட்டு வெளியவே வரமாட்டேங்கறான். அவனுக்குப் பதிலா வந்தவன் எப்படிப் போடறான்னு பாத்துட்டு வந்து சொல்லச் சொன்னானுங்க."

அடுத்த ஓவரிலேயே புதுப் பையன் ஸ்டம்பைத் தெறிக்கவிட்டான். அவரும் எங்களோடு கைதட்டினார். பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"நல்லாத்தானுங்க போடறான். இதைப் போயி அவங்கிட்ட எப்படிங்க சொல்றது?"