கதவு நிலையில் பொட்டுகள்

பெங்களூரில் புதிதாகக் குடிவந்த வீட்டின் குளியலறைக் கதவில் யாரோ ஒட்டிவிட்டுப்போன ஸ்டிக்கர் பொட்டைச் சுரண்டப் போனேன், கை வரவில்லை.

என் சிறுவயதில், ஆந்திர எல்லையில் எங்கள் ஊரான பலமனேரில் தக்காளிக் கூடைகள் அடுக்கிய ஓர் அறையில் ஞாயிறுதோறும் ஜெபம் நடக்கும். நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவிடம் சந்தைக்கு என்று சொல்லிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு வரும் அம்மாவும் மற்றப் பெண்களும் வாசலிலேயே பொட்டை எடுத்துக் கதவு நிலையில் ஒட்டிவிட்டு, அழுகல் தக்காளி வாசனைக்குள் தமிழில் பாடி, தெலுங்கில் அழுது, திரும்பும்போது அவரவர் பொட்டை எடுத்து வைத்துக்கொள்வார்கள். கர்த்தருக்கு அம்மாவின் எந்த நெற்றி, பொட்டு வைத்ததா வைக்காததா, அடையாளம் தெரியும் என்று எனக்கு ஒரே குழப்பம்.

ஒருநாள் அம்மா அவசரத்தில் வேறொருத்தியின் பொட்டோடு வந்துவிட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த நைனா நிமிர்ந்தார்.

"காத்தால செவப்பு வச்சிக்கினு போனே. இப்ப எப்படி மெரூனா கீது?"

அம்மா அவர் கேட்காமலே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். நைனா சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார். அடுத்த ஞாயிறு காலையில் ஒரு சிவப்புப் பொட்டு அட்டையை அவள் முன் வைத்தார்.

"அல்லாருக்கும் இதையே குடு. ஒரே கலரா இருக்கட்டும்."

நைனாவுக்கு அது கோபமா, சம்மதமா? பிற்பாடு எல்லோரும் குடும்பம் குடும்பமாகப் பெங்களூர் வேலைக்குக் கிளம்பி, அந்த அறையும் இடிந்துபோயிற்று. அது எதுவென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அட்டை கொடுத்த அந்த ஞாயிறு, ஜெப அறையின் கதவு நிலை முழுக்கச் சிவப்பு. எது யாருடையது என்று தேடாமல், கையில் வந்ததை வைத்துக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.