சீன மருந்தும் என் அத்தானும்

என் அக்காவின் கணவரை எனக்குப் பிடிக்காது. விசா எடுத்துக் கொடுத்து என்னை வளைகுடாவிலுள்ள ராஸ் அல் கைமாவுக்கு வரவழைத்தவர் அவர்தான். இருந்தும் பிடிக்காது.

டைல்ஸ் கம்பெனியில் மண்ணை அரைத்து மாவாக்கும் பிரிவுக்கு அத்தான் சூப்பர்வைசர். அவருக்குக் கீழே நான் மெஷின் ஓட்டினேன். சின்ன வயதில் விட்டுப்போன இழுப்பு அங்கே போனதும் திரும்ப வந்துவிட்டது. படியேறினால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். மருந்துக்கடையில் வாங்கிய இன்ஹேலரை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

புழுதியை உறிஞ்சும் மெஷின் கோடையிலிருந்தே பழுது. ஓடுகிறது என்று மேலிடத்துக்குச் சொல்லிவந்தார் அத்தான். அவர் அப்படிச் சொல்வது அப்போது எனக்குத் தெரியாது.

"கம்பெனி கிளினிக் பக்கம் போயிராத மாப்ள. அன்ஃபிட்னு எழுதி ஊருக்கு அனுப்பிருவான்" என்று பயமுறுத்தினார். நம்பினேன்.

ஒரு லீவு நாளில் என்னைக் காரில் ஏற்றி ஷார்ஜாவுக்குக் கூட்டிப்போனார். அங்கே ரோலா கடைத்தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சீன வைத்தியர் அம்மா இருக்கிறாராம்.

"நம்ம நாட்டு மருந்து மாதிரிதான், வேரும் பட்டையும். அதக் குடிச்சா இந்த இன்ஹேலர் பம்பெல்லாம் தூக்கிப் போட்ரலாம்."

அந்த அம்மா இரண்டு மணிக்கட்டிலும் விரல் வைத்து வெகுநேரம் நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். என்ன வேலை என்று கேட்டார். அத்தானை முந்திக்கொண்டு "டஸ்ட்" என்றேன். அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. அத்தானைப் பார்த்து, அரைகுறை ஆங்கிலத்தில் கோபமாகவே பேசினார்.

"மை மெடிசின் ஒன்லி ஹெல்ப். இன்ஹேலர் நோ ஸ்டாப். டஸ்ட் வொர்க் நோ குட். கோ செஸ்ட் டாக்டர்."

அத்தான் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "ஐஸ் தண்ணி, தயிரு வேண்டாங்காங்க. கஷாயத்தக் குடிச்சா சரியாயிருமாம்."

எனக்கு இங்கிலீஷே வராது என்பது அவருடைய நம்பிக்கை. பேசத்தான் வராது, கேட்டால் புரியும். மருந்துப் பொட்டலங்களை வாங்கிக்கொண்டு காரில் ஏறினேன். ஷார்ஜாவைத் தாண்டியதும் கேட்டேன்.

"இன்ஹேலர நிறுத்தக் கூடாது, புழுதி வேலை ஆகாதுன்னுதான அந்தம்மா சொன்னாங்க? ஏன் மாத்திச் சொன்னீங்க?"

"ஒனக்கு எதுக்குல அதெல்லாம்? விசா போட்டது யாரு?"

"மூச்சு முட்டுறது எனக்குத்தான அத்தான்."

அவர் ஸ்டீயரிங்கில் ஓங்கிக் குத்தினார். "நீ கிளினிக்குப் போனா சேஃப்டி ஆபீசர் வருவான். மிஷின் ஓடலன்னு தெரிஞ்சா என் வேலை போயிரும். ஒங்க அக்கா நடுத்தெருவுல நிப்பா, பாத்துக்கிடு!"

தன் நாற்காலிக்கு என் நுரையீரலை முட்டுக் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு நாங்கள் தங்கியிருந்த கம்பெனி கேம்ப் வரும்வரை நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாளே கிளினிக்குக்குப் போய், மெஷின் பழுதாகக் கிடப்பது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் நெஞ்சு டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் தினமும் இழுக்க வேறொரு இன்ஹேலர் கொடுத்தார். சீனப் பொட்டலத்தையும் காட்டினேன். அதில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "வேண்டுமென்றால் குடி. இதிலுள்ள அதிமதுரம் பிரஷரை ஏற்றும், பார்த்துக்கொள். இன்ஹேலரை மட்டும் விடாதே" என்றார். சேஃப்டி ஆபீசர் வந்து மெஷினைத் திறந்து பார்த்தார். அத்தானின் சூப்பர்வைசர் பதவி போனது, வேலை போகவில்லை. என்னை துபாயில் அல் கூஸிலிருந்த கம்பெனி குடோனுக்கு மாற்றினார்கள்.

அக்கா ஊரிலிருந்து போனில் அழுதாள். "சோறு போட்ட மனுசன இப்படிக் கவுத்துட்டியடா!" போனை வைத்துவிட்டேன்.

அல் கூஸ் ரூமில் அந்தக் கஷாயத்தைக் காய்ச்சிக் குடித்தேன். அதிமதுரமும் காய்ந்த ஆரஞ்சுத் தோலும் கலந்த வாடைக்கு ரூமில் எல்லோரும் என்னைத் திட்டினார்கள். இழுப்பு குறைந்தது. கஷாயத்தாலா, இன்ஹேலராலா, புழுதி இல்லாததாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பொட்டலம் தீர்ந்தபின் மறுபடி வாங்கவில்லை. இன்ஹேலரை இன்றுவரை விடவில்லை.

அடுத்த லீவில் ஊருக்குப் போனபோது அக்கா மகளின் சடங்கு. பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அத்தான் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இவன சீன டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனதே நாந்தான். இப்ப ஆள் எப்படி இருக்கான் பாருங்க!"

எல்லோரும் அவரை மெச்சினார்கள். நான் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தேன். அக்கா வாசல்வரை பின்னாலேயே வந்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன்.