தாளம் தப்பிய பின்பால் மெஷின்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு டிசம்பர் மாதம். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், பல போர்ஷன்களாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருந்த பழைய வீட்டில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். நான் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவள். ஒரு டி.வி. கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் வேலை பார்த்தேன். கம்பெனியை இழுத்து மூடிய பிறகு டி.வி., டேப் ரிக்கார்டர், ஸ்டெபிலைசர் என்று அக்கம்பக்கத்தில் எது கெட்டுப்போனாலும் என் முன்னறைக்கு வந்துவிடும்.

அப்போதுதான் அந்தத் தம்பி வந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி. நகரில் பாத்திரக்கடை நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்தவர்.

"அக்கா, நான் வீடியோ கேம்ஸ் கடை போடப்போறேன். ஏலத்துல ஒரு பின்பால் மெஷின் எடுத்திருக்கேன். ஆனா உசுரு இல்ல. எங்க மாமாதான் கடைக்கு முதல் போட்டிருக்காரு. புது வருஷத்தன்னைக்கு அவர் கையால முதல் பந்தை விடணும். அன்னைக்கு மட்டும் இது ஓடலைன்னா என்னையப் பழையபடி பாத்திரத்துக்குப் பேர் வெட்ட உக்கார வச்சிருவாரு."

நம்மூர்க் கண்காட்சிகளில் ஆணி அடித்த பலகையில் கோலி உருட்டுவோமே, அதற்கு மின்சாரம் கொடுத்தால் பின்பால். சரிந்த பெரிய மேஜை, மேலே கண்ணாடி, உள்ளே இரும்புப் பந்து. பந்து கீழே விழாமல் பக்கத்துப் பட்டன்களை அமுக்கித் தட்டி மேலே அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நான் அதுவரை அப்படியொன்றை நேரில் பார்த்ததுகூட இல்லை. "அதுக்கென்ன, பண்ணிடலாம்" என்று சொல்லிவிட்டேன்.

மீன்பாடி வண்டியில் வந்து இறங்கியது. தூக்கி வந்த இருவரும் வாசலிலேயே திணறினார்கள்.

"இன்னாமா இம்மாங் கனம் கனக்குது? உள்ள இன்னா கீது?" என்றார் ஒருவர்.

சுற்றியிருந்த சாக்கை அவிழ்த்ததும் மெஷினின் நெற்றிக் கண்ணாடி தெரிந்தது. கையில் வாளோடு, தலைமுடி பறக்க, ஏதோ ஒரு பெரிய பல்லி மேல் உட்கார்ந்திருந்த பெண்ணின் படம். அவர் சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டு, "எந்த ஊரு அம்மன்மா இது?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வெளியூர்" என்றேன்.

பின்பக்கத்தைத் திறந்து பார்த்தால், பேட்டரி ஒழுகி, மெஷினுக்கு மூளையான போர்டு முழுக்கப் பச்சை பூத்திருந்தது. எலுமிச்சம்பழச் சாறும் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்தேன். அரித்துப்போன இடங்களில் மெல்லிய கம்பி வைத்துப் பற்றவைத்தேன். ரிச்சி தெருவுக்கு நடையாய் நடந்து, எரிந்துபோன டிரான்சிஸ்டர்களுக்கு மாற்று வாங்கி வந்து போட்டேன். ஒரு நாள் மத்தியானம் ஸ்விட்சைப் போட்டதும் விளக்குகள் எல்லாம் எரிந்து, அந்த வெளியூர் அம்மன் முகத்தில் ஒளி வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்கப்புறம்தான் வினை ஆரம்பித்தது.

அந்த மெஷினில் சோதனைக்கென்று ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கினால், பந்தைத் தட்டுகிற கம்பிச்சுருள்கள், அதாவது காயில்கள், ஒவ்வொன்றும் வரிசையாக ஒரு தட்டுத் தட்டும். மொத்தம் எட்டு. எட்டாவது முடிந்ததும் திரும்ப ஒன்றிலிருந்து. எந்த எண் தட்டுகிறதோ அது மேலே டிஸ்ப்ளேயில் தெரியும். புது டிரான்சிஸ்டர்கள் சூடாகின்றனவா என்று பார்க்க நான் இதை மணிக்கணக்காக ஓடவிட்டேன். ஒவ்வொரு தட்டுக்கும் எல்லா போர்ஷன்களிலும் ட்யூப் லைட் கண்ணைச் சிமிட்டியது.

எங்களுக்கும் பக்கத்துப் போர்ஷனுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் ஒரு மிருதங்க வித்வான் இருந்தார். வயது என் கணவர் வயதுதான், ஆனால் கோபம் மட்டும் எழுபது வயதுக் கோபம். அத்தனை வருஷமாக அவருக்கு மத்தியானக் கச்சேரிகள்தான் கிடைத்து வந்தன. கேண்டீனில் இடம் கிடைக்காதவர்கள் வந்து உட்கார்ந்து தூங்குகிற கச்சேரிகள். அந்த சீசனில்தான் முதன்முறையாக ஒரு பெரிய பாடகருக்கு சாயங்காலம் வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள்.

சோதனை ஆரம்பித்த முதல் நாளே கதவைத் தட்டினார்.

"உங்காத்துல யாரு கடம் வாசிக்கறா? விடவே மாட்டேங்கறாளே!"

உள்ளே அழைத்து மெஷினைக் காட்டினேன். மனிதர் வாசிக்கவில்லை என்று தெரிந்ததும் அவருக்குக் கோபம் இன்னும் அதிகமாகிவிட்டது. "எனக்குக் கச்சேரி இருக்கு. சாதகம் பண்ண வேண்டாமா?" என்றார். கடைசியில் அவர் காலையிலும் சாயங்காலமும் வாசிப்பது, நான் மத்தியானம் மட்டும் தட்டுவது என்று உடன்படிக்கை ஆனது. ஆனால் மத்தியானம்தான் அவர் தூங்குகிற நேரம் என்பதை அவரும் மறந்துவிட்டார், நானும் கேட்கவில்லை.

இதில் இன்னொரு சங்கடம். எங்கள் வீட்டில் போன் கிடையாது. யாருக்கு எந்த நம்பர் கொடுத்தாலும் அது வித்வான் வீட்டு நம்பர்தான். தி. நகர்த் தம்பி தினமும் போன் செய்வார். மிருதங்கத்தை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வித்வான் வந்து, "உங்களுக்குத்தான். அந்தத் தட்டற மெஷின்காரர்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போவார்.

என் கணவருக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஆட நிற்பார். "சில சமயம் நான் ஒண்ணுமே பண்ணாம குழியில நிக்கிற பந்து தானா வெளியே பாயுது. பாயிண்ட் கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. எனக்குக் கை நல்லா படிஞ்சுடுச்சு" என்பார். கை படிந்தவர் தேங்காய் உடைத்த லட்சணம் எனக்குத் தெரியும். ஆனால் பந்து ஏன் தானாகப் பாய்கிறது என்று யோசிக்கத் தோன்றவில்லை.

கச்சேரிக்கு மூன்று நாள் இருக்கும்போது வித்வான் மறுபடி வந்தார். தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது.

"அந்த அஞ்சாவது தட்டும் ஆறாவது தட்டும் சரியில்லை. ரெட்டையா விழறது."

"அதெல்லாம் சரியாத்தான் சார் இருக்கு. பாருங்க, டிஸ்ப்ளேல ஒவ்வொரு நம்பரா வருது."

"நம்பரை யாரு பார்த்தா? காதால கேளுங்கோ. நாலு ஒத்தை, ரெண்டு ரெட்டை, அப்புறம் ரெண்டு ஒத்தை. ரெண்டு பேர் சேர்ந்து வாசிக்கறா மாதிரி இருக்கு."

எனக்கு சுருக்கென்றது. இரண்டு வாரம் உட்கார்ந்து, முதுகு ஒடிய நான் உயிர் கொடுத்த போர்டு. அதைச் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டே இவர் குறை சொல்வதா?

"உங்க மிருதங்கத்துல எது சரியில்லைன்னு நான் வந்து சொல்றேனா சார்?"

"சொல்லுங்கோளேன்! நேத்திக்கு சாயங்காலம் எங்கே விட்டேன் தெரியுமா? அஞ்சாவது இடத்துல! கை தன்னால ரெட்டையா போடறது. எல்லாம் உங்க மெஷினால. அங்கே போய் இப்படி வாசிச்சா அடுத்த வருஷமும் நான் மத்தியானம்தான்."

இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நின்றோம். அவர் மனைவி வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார். அன்று முதல் நான் வீம்புக்கு சோதனையே ஓட்டவில்லை. ஓட்டினால் தப்பு இருப்பதாக ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே!

ஆனாலும் கச்சேரிக்குப் போனோம். சண்டை போட்ட அன்றைக்கே அவர் மனைவி இரண்டு பாஸ் கொண்டுவந்து கொடுத்து, "எதையும் மனசுல வச்சுக்காதீங்கோ" என்று சொல்லியிருந்தார். எனக்குச் சங்கீதத்தில் பெரிய ஞானம் கிடையாது. ஆதி தாளத்துக்கு எட்டு எண்ண வேண்டும் என்ற வரைக்கும் தெரியும். என் கணவருக்கு அந்த சபாவின் கேண்டீனில் கீரை வடை நன்றாக இருக்கும் என்ற வரைக்கும் தெரியும்.

அரங்கம் நிறைந்திருந்தது. பாடகர் பாடி முடித்து, மிருதங்கம் தனியாக வாசிக்கிற கட்டம் வந்தது. வித்வான் நன்றாகத்தான் ஆரம்பித்தார். முன்வரிசைத் தலைகள் ஆடின. வேகம் ஏறியது. திடீரென்று அவர் கை, யாரோ பிடித்து இழுத்த மாதிரி ஒரு இடத்தில் சறுக்கியது. தாளம் போட்டுக்கொண்டிருந்த பாடகர் நிமிர்ந்து பார்த்தார். வயலின்காரர் புருவத்தைத் தூக்கினார். வித்வான் முகத்தில் ரத்தமே இல்லை.

நான் என்னை அறியாமல் எண்ணத் தொடங்கியிருந்தேன். டக், டக், டக், டக், தடக், தடக், டக், டக்.

என் உடம்பு முழுக்க ஆணி அடித்த மாதிரி ஆகிவிட்டது. கணவரின் கையைப் பிடித்து உலுக்கி, "இது நம்ம மெஷினுங்க!" என்று கத்தியேவிட்டேன். முன்வரிசையிலிருந்த பெரியவர் திரும்பி என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார்.

மேடையில் வித்வான் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அதே தப்பை வேண்டுமென்றே மறுபடி வாசித்தார். இந்த முறை சிரித்துக்கொண்டே. மூன்றாவது முறையும் வாசித்து, அங்கிருந்தே வளர்த்துக்கொண்டு போய், கடைசியில் பாடகரின் கை விழுகிற இடத்தில் அச்சாகக் கொண்டுவந்து நிறுத்தினார். "ஆஹா!" என்று அரங்கமே எழுந்தது. பாடகர் சத்தமாக "பலே" என்றார். என்னை முறைத்த பெரியவர்தான் எல்லோரையும்விட அதிகமாகக் கைதட்டினார்.

எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை. இத்தனை நாளாக என் காதுக்கு மூன்றடி தூரத்தில் விழுந்த சத்தம் அது. டிஸ்ப்ளே எண்களைப் பார்த்துக்கொண்டே நான் அதைக் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

மறுநாள் காலை பல் துலக்கிய கையோடு போர்டைக் கழற்றி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஐந்தாவது காயிலுக்கும் ஆறாவது காயிலுக்கும் போகிற இரண்டு கோடுகளுக்கு நடுவே, தலைமுடி கனத்தில் ஈயம் இழுத்திருந்தது. என் கைவேலைதான். எது தட்டினாலும் மற்றதும் ஒரு நூலிழை பிந்தி, கூடவே தட்டியிருக்கிறது. பந்து தானாக வெளியே பாய்ந்ததும் என் கணவருக்குப் பாயிண்ட் கொட்டியதும் இதனால்தான். அப்படியே கடைக்கு அனுப்பியிருந்தால், நாள் முழுக்க ஆடுகிற சூட்டில் காயில் கருகி, மாமாவின் முகத்துக்கு நேரே புகை வந்திருக்கும்.

பிளேடால் சுரண்டி எடுத்தேன். மாட்டிவிட்டுச் சோதனைப் பட்டனை அமுக்கினேன். எட்டும் தனித்தனியாக, சுத்தமாக விழுந்தன.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "ஆங்! இப்போ சரி!"

இந்தப் பக்கத்திலிருந்தே "தேங்க்ஸ் சார்" என்று கத்தினேன். இருவருக்கும் நேரில் பார்க்கக் கூச்சம்.

புது வருஷத்தன்று கடை திறந்தார்கள். மாமா முதல் பந்தை விட்டார். அது நேராகக் கீழே போய் விழுந்தது. "இம்புட்டுத்தானா?" என்றார். இரண்டாவது பந்து கொஞ்சம் நின்று விளையாடியது. அதன் பிறகு அவரை மெஷினிலிருந்து நகர்த்தவே முடியவில்லை. வந்த கூட்டம் வரிசையில் நின்று கொட்டாவி விட்டது. என் கணவர் மட்டும் ஓர் ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டு, "நல்லா இருந்த மெஷினைக் கெடுத்துட்டே" என்று என்னிடம் வருத்தப்பட்டார்.

இதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். பத்து நாள் கழித்து வித்வான் வந்தார். கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"பத்திரிகையில அந்த இடத்தைப் பத்தித்தான் எழுதியிருக்கான். புதுசா யோசிச்சிருக்காராம்" என்றார். சந்தோஷமா சங்கடமா என்று தெரியாத குரல். "அந்தப் பாடகரே போன் பண்ணி, அடுத்த கச்சேரிலயும் அதை வாசிக்கணும்னு சொல்லிட்டார். எனக்கு இப்போ அது வரமாட்டேங்கறது. அந்த ரெட்டைக்கு நடுவுல ஒரு சின்ன இடைவெளி இருந்துதே, அது பிடிபடலை. நேத்திக்கு அந்தக் கடைக்கே போய் அரைமணி நின்னுண்டு கேட்டேன். எல்லாம் ஒழுங்கா அடிக்கறது."

குறையாகத்தான் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அந்தத் தப்பைத் திருப்பிப் போட முடியுமா? ரெண்டு நிமிஷம் போறும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, கடை திறக்கும் முன்னே போனோம். நான் மெஷினைத் திறந்து, அந்த இரண்டு இடங்களையும் ஒரு துண்டுக் கம்பியால் கிளிப் போட்டு இணைத்துச் சோதனையை ஓடவிட்டேன். பட்டு அங்கவஸ்திரத்தோடு வித்வான் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார். தம்பி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அக்கா, நீங்க ரிப்பேர் பண்ண வந்தீங்களா, ரிப்பேராக்க வந்தீங்களா?"

"உஷ்" என்றார் வித்வான். கொஞ்ச நேரம் தலை ஆடியது. பிறகு கண்ணைத் திறந்து, "கழட்டிடுங்கோ. பிடிச்சுண்டேன்" என்றார்.

அதன் பிறகு எத்தனையோ போர்டுகள் என் மேஜைக்கு வந்து போய்விட்டன. சரியாகிவிட்டது என்று நான் திருப்பிக் கொடுத்ததை யாராவது "என்னமோ உதைக்குதே" என்று திரும்பக் கொண்டுவந்தால், இப்போதும் முதலில் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆனால் கோபத்தோடேயே மீட்டரைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் கேட்கிறேன்.