ரத்தம் கொடுத்தவர்களுக்குச் சொன்ன பதில்

"சிஸ்டர், ரெண்டு வருஷம் முன்னாடி ரத்தம் எடுத்துட்டுப் போனீங்களே, அதுல என்னதான் வந்துச்சு?"

லிங்கராஜபுரம் பஸ் ஸ்டாப்பில் ஆரோக்கியராஜ் இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியும். காலையில்தான் லேபில் பார்த்திருந்தேன். "இன்னும் முடியலண்ணா" என்று பொய் சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறினேன். அது நான் போகவேண்டிய பஸ்கூட இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி லேபில் ஃபீல்ட் அசிஸ்டென்டாக இருந்தேன். கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் சில குடும்பங்களில் பரம்பரையாக வருவதற்கு எந்த ஜீன் காரணம் என்று தேடிக்கொண்டிருந்தோம். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது என் வேலை. நான் நர்ஸ் இல்லை. ஊசி பிடித்ததால் எல்லாருக்கும் சிஸ்டர். ரத்தமும் கொடுத்துவிட்டுக் காபியும் கல்கல் என்ற இனிப்புப் பலகாரமும் கொடுப்பார்கள். அப்படி ஒரு வேலை பிறகு எனக்குக் கிடைக்கவில்லை.

ஆரோக்கியராஜ் ஸ்கூல் வேன் ஓட்டினார். அவருடைய அண்ணனுக்கு முப்பத்தைந்து வயதில் பார்வை போயிருந்தது. அண்ணனின் ஜீனில் இருந்த அதே மாற்றம் இவருக்கும் இருந்தது. அவருடைய அக்கா ஃபிலோமினா டீச்சரின் ரிசல்ட்டும் வந்திருந்தது.

மறுநாள் லேப் தலைவரான மேடத்திடம் போனேன்.

"தனித்தனியா ரிசல்ட் தர மாட்டோம்னு அவங்க சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்ட கன்சென்ட் ஃபார்ம்லயே இருக்கேம்மா. இது ரிசர்ச் லேப். சாம்பிள் மாறியிருந்து, தப்பாச் சொல்லிட்டா யாரு பொறுப்பு?"

"சரியா இருந்து, சொல்லாம விட்டா யாரு பொறுப்பு மேடம்? அவரு பிள்ளைங்கள வச்சு வண்டி ஓட்றாரு."

 மேடம் அந்த வாரமே, ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் எதிக்ஸ் கமிட்டிக்குக் கடிதம் எழுதினார். தெரிந்துகொள்ள விருப்பமா என்று முதலில் கேளுங்கள், வேண்டும் என்பவருக்குப் புது சாம்பிள் எடுத்து உறுதி செய்து, கண் டாக்டர் முன்னிலையில் சொல்லுங்கள் என்று கமிட்டி சொன்னது.

ஆரோக்கியராஜ் உடனே கையை நீட்டினார். புது சாம்பிளிலும் முடிவு மாறவில்லை. கண் அழுத்தம் கூடியிருந்தது. பார்வை இன்னும் கெடவில்லை. அன்றே சொட்டு மருந்து ஆரம்பித்தார்கள். வெளியே வந்ததும் என்னிடம் கேட்டார்.

"அன்னிக்கே தெரியும்ல உங்களுக்கு? என் முகத்தப் பாத்து எப்படி சிஸ்டர் பொய் சொன்னீங்க?"



ஃபிலோமினா டீச்சர் வேறு மாதிரி. "எனக்கு வேணாம்மா. அண்ணன் கண்ணு போனதக் கூட இருந்து பாத்தவ நான். தெரிஞ்சுட்டா தினம் ஒரு கண்ண மூடி மூடிப் பாத்துட்டே இருப்பேன்."

"சரிக்கா, சொல்லல. வருஷம் ஒருதரம் கண்ணு பிரஷர் மட்டும் செக் பண்ணிக்குங்க. உங்க குடும்பத்துல எல்லாருக்குமே டாக்டர் அதத்தான் சொல்றாரு."

"அத செய்றேன்."

செய்தார். வருஷா வருஷம் நானே ஆட்டோவில் கூட்டிப்போனேன். வழியெல்லாம் ஸ்கூல் கதை பேசுவோம். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முடிவு வந்தால் சொல்லவா, வேண்டாமா என்று ஊசி எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பிறகு எங்கள் ஃபார்மிலும் அந்தக் கேள்வி சேர்ந்தது. அதற்கு முதலில் பதில் எழுத வேண்டியிருந்த பெண், பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் யோசித்தார். நான் அவசரப்படுத்தவில்லை.