எட்டு வாரமாகியும் ஒரு இனம் அகப்படவில்லை

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடுகிறவர். முப்பத்திரண்டு வருஷமாக அதே அறை, அதே வாளி, நகக்கண்ணில் அதே வெள்ளை. கால் முறிந்து அலறிக்கொண்டு வருகிறவரிடம் அந்தக் காலைப் பற்றிப் பேசவே மாட்டார். "வீட்டுல எத்தனை பேரு? பெரியவ என்ன படிக்கிறா?" என்று கேட்டுக்கொண்டே துணியைச் சுற்றுவார். அவர்கள் கதை சொல்லி முடிப்பதற்குள் கட்டு இறுகியிருக்கும். முன்பின் தெரியாதவர்களிடம் இப்படி அளக்கிற மனுஷனுக்குப் பெற்ற மகளிடம் பேச மட்டும் வாய் வராது.

மகள் கடல் தாண்டிப் போய் மூன்று வருஷம் ஆகிறது. ஒரு மருந்து ஆய்வகத்தில் வேலை. என்னோடு தினமும் பேசுவாள். போனை இவரிடம் நீட்டினால், "சாப்டியாமா? உடம்பு பரவாயில்லையா? சரி, அம்மாகிட்ட தரேன்" என்று என் கையில் திணித்துவிடுவார். நான் பேசி முடிக்கிறவரை பக்கத்து அறையில் பேப்பரின் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வைத்ததும் ஓடி வந்து, "என்ன சொன்னா?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மகள்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். அங்கே அவளும் நண்பர்கள் மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை கூடி ஒரு விளையாட்டு ஆடுவார்களாம். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் ஓடுகிறேன்" என்பார்களாம். கதவு திறக்குமா திறக்காதா என்பது பகடையின் கையில். கதை சொல்கிறவள் இவள்.

"புதுக் கதை ஆரம்பிக்கப் போறோம்பா. ஒரு ஆள் குறையுது, நீங்க வீடியோவுல வாங்களேன்" என்றாள். உனக்கு வேற வேலை இல்லையா என்று கேட்பார் என நினைத்தேன். "நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டார்.

"முதல்ல உங்க இனம் எதுன்னு முடிவு பண்ணணும். மாயக்கதையில வர்ற எல்ஃப், குள்ளன், ஓர்க், ஹாஃப்லிங், இல்ல சாதா மனுஷன், எது வேணா எடுக்கலாம். அதை மட்டும் நாம ரெண்டு பேரும் உக்காந்து முடிச்சிடுவோம். அப்புறம் எல்லாரோடயும் ஆரம்பிச்சிடலாம்."

அவள் போனில் அனுப்பிய விளையாட்டு விதிப் புத்தகத்தை ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டு வாங்கி வந்தார். மூன்று வேளை மாத்திரையையே நினைவுபடுத்தினால்தான் போடுகிற ஆள், அதை மூன்று வேளையும் படித்தார்.

முதல் ஞாயிறு குள்ளன். "இவங்களுக்கு இருட்டுல கண்ணு தெரியுமாமே?"

"ஆமாப்பா, நல்லா தெரியும்."

"உன் தெருவுல விளக்கு எரியுதா? வேலை முடிஞ்சு எத்தனை மணிக்கு நடந்து வர்ற?"

அவள் சொன்னாள். பஸ் நிறுத்தத்திலிருந்து ஏழு நிமிஷ நடை, முனை வீட்டில் ஒரு கிழட்டு நாய், அது இவளுக்காகவே வேலியருகே வந்து நிற்குமாம். மூன்று வருஷம் தினமும் பேசியும் அந்த நாய் என் காதுக்கு எட்டியதில்லை.

அடுத்த வாரம் எல்ஃப். அது நம்மைப் போல் தூங்காது, கண்ணை மூடி நாலு மணி நேரம் உட்கார்ந்தால் போதும் என்று போட்டிருந்தது. "நீ எவ்வளவு நேரம் தூங்குற?" என்றார். சரியாகத் தூக்கமில்லை என்பதும் மாடி வீட்டுக்காரன் நாற்காலியை இழுத்துக்கொண்டே இருப்பான் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஓர்க்குக்கு மூக்கு நுனியில் கோபம் என்றதும் அவள் மேலதிகாரி சந்திக்கு வந்தார். ஹாஃப்லிங் சாப்பாட்டுப் பிரியன் என்றதும் அவள் மத்தியானம் வெறும் ரொட்டியோடு ஓட்டுகிறாள் என்பது வெளிவந்தது. ஆஸ்பத்திரியில் செய்கிற அதே வேலை. பத்து மாதம் சுமந்தவளுக்குக் கிடைக்காத சங்கதியெல்லாம் காது நீண்ட ஜென்மங்களுக்குக் கிடைத்தது. பொறாமை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஒவ்வொரு வாரமும் கடைசியில் அவள் கேட்பாள்: "அப்போ இதையே போட்டுடவாப்பா?"

"இரு இரு. அவசரப்பட்டா எலும்பு கோணலா ஒட்டிக்கும். அடுத்த வாரம் சொல்றேன்."

எட்டு வாரம் போயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை. "என்னைக் கட்டிக்க அஞ்சு நிமிஷத்துல தலையாட்டினீங்க. ஒரு குள்ளனுக்கு ரெண்டு மாசமா?"

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "முடிவு பண்ணிட்டா அந்த மூணு பேரும் வந்துடுவாங்க. அப்புறம் நான் கூட்டத்துல ஒருத்தன். இந்த ஒரு மணி நேரம் போயிடும்" என்றார்.

ஒன்பதாவது ஞாயிறு சாயங்காலம், இஸ்திரி போட்ட சட்டையோடு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். அவள் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டாள்: "அப்பா, எல்லாரும் ரெண்டு மாசமா காத்துக்கிட்டிருக்காங்க. இன்னிக்கு முடிச்சே ஆகணும். எல்ஃப்தானே உங்களுக்குப் பிடிச்சிருந்தது?"

"எல்ஃப் எழுநூறு வருஷம் இருக்கும்னு போட்டிருக்கு."

"ஆமாப்பா, சூப்பர் இல்ல?"

"குள்ளன் முன்னூத்தம்பது." பக்கத்தைப் புரட்டினார். "மனுஷன் நூறைத் தாண்ட மாட்டான்." புத்தகத்தை மூடினார். "மனுஷன்னே போடு."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒன்பது வாரம் யோசிச்சு மனுஷனா? ஏன்பா?"

இந்த முறை அவர் சுற்றி வளைக்கவில்லை. "எழுநூறு வருஷம் இருக்கறவன்னா, எங்க போயிடப் போறான், அப்புறம் பார்த்துக்கலாம்னு தோணும். மனுஷன்னா கொஞ்சம் சீக்கிரமா வந்து பார்ப்பாங்க இல்ல? மூணு வருஷம் ஆச்சும்மா. உன்னைப் பார்க்கணும் போல இருக்கு."

என் கை பூண்டோடு நின்றுவிட்டது. இப்படி ஒரு வார்த்தையை இவர் என்னிடமே சொன்னதில்லை. அந்தப் பக்கம் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். உச்சி வகிடு மட்டும்தான் தெரிந்தது. அவள் அழுதால் எனக்கும் அழுகை வந்துவிடும் என்று பயந்துகொண்டே பார்த்தேன்.

"வயசு கேக்குது. எவ்வளவு போடட்டும்?" என்றாள் குனிந்தபடியே.

"உள்ளதைப் போடு. அம்பத்தெட்டு."

தட்டுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி தட்டினாள்.

"அது வேணாம்பா. அழிச்சிட்டேன்." குரல் உடைந்திருந்தது. "நாப்பதுன்னு போட்டிருக்கேன்."

இவர் வாதாடவில்லை. "சரிம்மா" என்றார். மூன்று பேரில் யாரும் வீடியோவை அணைக்கவில்லை.